பேசும் கல்லும் குரைக்காத நாயும்

அருங்காட்சியகத்தில் வேலை பார்ப்பவனுக்கு இரண்டு எதிரிகள்: ஒன்று கரையான், மற்றொன்று அருங்காட்சியகத்தை நவீனப்படுத்த வருகிறவர். கரையானுக்காவது மருந்து கிடைக்கிறது.

நீங்கள் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்திருக்க மாட்டீர்கள். அந்தப் பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் உங்கள் அலுவலகத்திலும் ஒரு நாள் தெர்மாகோல் வைத்த பெரிய அட்டைப்பெட்டி ஒன்று வந்து இறங்கியிருக்கும். இனிமேல் எல்லாவற்றையும் இதுவே பார்த்துக்கொள்ளும் என்று யாரோ ஒருவர் சொல்லியிருப்பார். அவர் ஊருக்குப் போன பிறகு, அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கும். அந்த வகையில் நாம் எல்லோரும் ஒரே கட்சி.

நான் தினசரி ஒன்றில் செய்தி எழுதிப் பிழைத்தவன். ஓய்வு பெற்ற பிறகு தேனியில் ஒரு தனியார் அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாளர் ஆனேன். ஏலக்காய் வியாபாரத்தில் தேறிய ஒருவர் கட்டியது அது. ஏர்க்கலப்பை, நெல் அளக்கும் மரக்கால், சாவி தொலைந்த பூட்டுகள், மலையிலிருந்து இறங்கிப் போன ஏதோ ஒரு துரை விட்டுச்சென்ற தொப்பி. இவற்றோடு உருப்படியான பொருள் என்று ஒன்றே ஒன்று இருந்தது. அது ஒரு நடுகல். கையில் ஈட்டியோடு ஒரு வீரன், எதிரே காட்டுப்பன்றி, காலடியில் ஒரு நாய்.

கெங்குவார்பட்டிப் பக்கம் ஒரு பங்காளிக் கூட்டத்துக்கு அந்தக் கல் குலசாமி. வரப்போரம் வெயிலில் கிடந்ததைப் பெரிய முதலாளி நயந்து கேட்டு வாங்கி வந்தார். மாசிச் சிவராத்திரிக்கு வந்து கும்பிட்டுக்கொள்வோம், திருப்பிக் கேட்டால் தந்துவிட வேண்டும் என்ற பேச்சின் மேல்தான் கொடுத்தார்கள். பெரிய முதலாளி சாகும்போது மகனிடம் தானும் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டார். கல் இருக்கும் வரை கட்டடம் அருங்காட்சியகமாகவே இருக்க வேண்டும். மகனுக்கோ அந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்ட ஆசை. ஆக, கல் போனால் நானும், டிக்கெட் கொடுக்கும் மல்லிகாவும், காவலுக்கு இருந்தவரும் பின்னாலேயே போக வேண்டியதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். நாங்களும் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் தினமும் கதவைத் திறந்தோம்.

சிங்கப்பூர்ச் சுவர்

சின்ன முதலாளி சிங்கப்பூர் போய் வந்தார். அங்கே ஒரு அருங்காட்சியகத்தில் சுவர் பேசியதாம், தரை மின்னியதாம், ஜனங்கள் வரிசையில் நின்று உள்ளே போனார்களாம். ஊர் திரும்பியதும் எங்கள் சுவரைத் தட்டிப் பார்த்தார். சுண்ணாம்பு உதிர்ந்தது. கொஞ்ச நாளில் சென்னையிலிருந்து ஓர் ஆலோசகர் வந்து இறங்கினார். பெயர் திலீபன். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வார்த்தைக்கு வார்த்தை 'இன்டராக்டிவ்' என்பார். பார்க்க வருகிறவர் பொருளோடு உரையாட வேண்டும் என்பது அவர் கொள்கை. மரக்காலோடு என்னத்தை உரையாடுவது என்று கேட்டேன். அதை எழுதத்தானே உங்களை வைத்திருக்கிறோம் என்றார்.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை மீற மாட்டாராம். அதே சமயம் காலிக் கட்டடத்தைக் காவல் காக்கவும் அவருக்கு விருப்பமில்லை. இயந்திரம் வைத்தால் கூட்டம் வரும் என்று திலீபன் சொல்வதால் வைத்துப் பார்க்கிறாராம். கெங்குவார்பட்டிக்காரர்கள் என்றைக்காவது கல்லைக் கேட்டால் மட்டும், தானே வண்டி பிடித்துக் கொடுத்துவிடுவாராம். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"ஒரு முகூர்த்தத்துக்கு எத்தன பேரு வாராக, ஒங்க கல்லப் பாக்க எத்தன பேரு வாராக? பேப்பர்ல இருந்தவுக, நீங்களே சொல்லுங்க."

பூ வைத்த தலை

முதலில் வந்தது காதில் மாட்டிக்கொள்ளும் கருவி. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். அந்த எண்ணை அழுத்தினால் அந்தப் பொருளின் கதை காதில் ஓடும். மழைச் செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு குரலைச் சென்னையில் பிடித்திருந்தார்கள். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் பெண்கள் வெளியே கிளம்பினால் தலை நிறையப் பூ வைப்பார்கள் என்பது சென்னையில் யாருக்கும் தோன்றவில்லை. பட்டையைத் தலையில் மாட்டினால் பூ நசுங்கும். அதனால் கீழ்த்தாடைக்கு அடியில் தொட்டில் மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கருவியை ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டார்கள். அவருக்குப் பூட்டைப் பார்க்க வேண்டும், அந்த அம்மாவுக்குச் சட்டியைப் பார்க்க வேண்டும். நடுவில் நின்று தொப்பியின் கதையை இரண்டு பேரும் கேட்டார்கள்.

சின்னமனூரிலிருந்து வந்த ஓர் அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டு முடித்தார். தேங்காயெண்ணெய் ஏறிய கருவியை முந்தானையால் துடைத்து மல்லிகாவிடம் திருப்பிக் கொடுத்தார். எப்படி இருந்தது என்று திலீபன் ஆவலோடு கேட்டார். பக்கத்தில் நின்ற தன் கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்த அம்மா சொன்னார்:

"நல்லாத்தேன் பேசுறாரு தம்பி. ஆனா நாம ஒண்ணு கேட்டா காதுலயே வாங்க மாட்டேங்கிறாரு, எங்க வீட்டுக்காரரு மாதிரி."

எல்லோரும் தொட்டாயிற்று

அடுத்து தொடுதிரை. விரலை வைத்தால் கேள்வி வரும், சரியான பதிலைத் தொட்டால் கைதட்டல் கேட்கும். பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் கடிதம் போட்டோம். பெரியகுளம் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடம் பஸ் பிடித்து வந்தது. கூட்டி வந்த ஆசிரியர் கண்டிப்பானவர். திரையைத் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று நாங்கள் எழுதியிருந்ததை அவர் உத்தரவாக எடுத்துக்கொண்டார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொருவரும் வந்து திரையை ஒரு தொடு தொட்டுவிட்டு நகர வேண்டும். கோயில் வரிசைப் பழக்கத்தில் பாதிப் பேர் தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். முதல் கேள்வியே இன்னும் திரையில் அப்படியே இருந்தது. யாரும் அதைப் படிக்கவில்லை. படிக்க நின்ற ஒன்றிரண்டு பேரைப் பின்னால் இருந்தவர்கள் தள்ளிவிட்டார்கள்.

கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாமே, பின்னால் நடுகல்லும் இருக்கிறது என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஆசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வருகைப் பதிவேட்டை என்னிடம் நீட்டினார்.

"எல்லாப் பிள்ளைகளும் தொட்டாச்சு சார். ஒரு கையெழுத்தப் போடுங்க, இருட்டுறதுக்குள்ள வைகை அணை பாக்கணும்."

கரண்ட் வந்த நேரம்

அது மின்வெட்டுக் காலம். எப்போது போகும், எப்போது வரும் என்று மின்வாரியத்துக்கே தெரியாது. போகும்போது பிரச்சினை இல்லை. அருங்காட்சியகம் தானாகப் பழைய காலத்துக்குப் போய்விடும், ஆட்களும் ஜன்னல் வெளிச்சத்தில் பொருட்களைப் பார்ப்பார்கள். வரும்போதுதான் தொல்லை. அதற்குள் திலீபன் ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் ஒரு பேசும் பெட்டி வைத்திருந்தார். ஆள் எதிரில் வந்தால் சென்சார் கண்டுபிடித்துப் பெட்டி பேசத் தொடங்கும். ஆனால் கரண்ட் திரும்பி வந்த கணத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாப் பெட்டிகளும் ஒன்றாகப் பேசத் தொடங்கிவிடும். கலப்பை உழவின் பெருமையைச் சொல்லும், பூட்டு தன் வயதைச் சொல்லும், தொப்பி இங்கிலீஷில் பேசும்.

ஒரு மத்தியானம் அப்படித்தான் கூடம் முழுக்க இரைச்சல். நான் மேஜையில் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்திருந்தேன். மல்லிகா டிக்கெட் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"சார், பஞ்சாயத்து கூடிருச்சு. யாரு மொதல்ல பேசணும்னு நீங்க போய்ச் சொல்லிட்டு வந்து சாப்பிடுங்க."

குரைக்காத நாய்

நடுகல்லின் பெட்டிக்கு மட்டும் வசனத்தைத் திலீபனே எழுதினார். அதில் பன்றி உறுமும், ஈட்டி பாயும், நாய் குரைக்கும். ஒரு நாள் கோம்பையிலிருந்து ராஜாங்கம் என்ற விவசாயி குடும்பத்தோடு வந்தார். வீட்டில் தலைமுறையாகக் கோம்பை நாய் வளர்க்கிறவர். கல்லில் இருக்கும் நாயின் காதையும் வாலையும் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது. எங்கள் ஊர் நாய்தான் என்று மனைவியிடம் காட்டினார். அந்த நேரம் பார்த்துப் பெட்டிக்குள்ளிருந்து குரைப்புச் சத்தம் வந்தது. ராஜாங்கத்தின் முகம் விழுந்துவிட்டது. இது சோபாவில் படுத்து பிஸ்கட் தின்கிற நாயின் சத்தம் என்று புகார் சொன்னார். அவர் சொன்னது சரிதான். வெளிநாட்டு ஒலித்தட்டு ஒன்றிலிருந்து எடுத்த குரைப்பு அது.

திலீபனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அசல் கோம்பை நாயின் குரலையே பதிவு செய்வோம் என்றார். அடுத்த வாரம் ராஜாங்கம் ஆட்டோவில் நாயோடு வந்தார். செவலை உடம்பு, கருத்த மூஞ்சி. மைக் முன்னால் வந்து உட்கார்ந்தது. காலை முழுக்க உட்கார்ந்திருந்தது. திலீபன் கைதட்டினார், பந்தை உருட்டினார், குச்சியை ஆட்டினார். கடைசியில் தானே மண்டிபோட்டுக் குரைத்தும் காட்டினார். இரண்டு பட்டம் வாங்கிய மனிதர் தரையில் உட்கார்ந்து குரைப்பதை நாங்கள் அத்தனை பேரும் பார்த்தோம். நாய் மட்டும் பார்க்கவில்லை. மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நாய் வரும் இடத்தை வெறுமையாக விட்டுவிடலாம், மௌனமும் ஒரு கலைதான் என்று திலீபன் முடிவு செய்தார். அப்படியே விட்டார். கல்லின் கதையில் நாய் வந்ததும் பெட்டி கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொள்ளும். ராஜாங்கம் நாயை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டே அவருக்கு ஆறுதல் சொன்னார்:

"கோம்பை நாயி சும்மா குலைக்காது சார். பன்னி வந்தா குலைக்கும், களவாணி வந்தா கடிக்கும். நீங்க ரெண்டுல எதுவும் இல்லேன்னு அதுக்கு வெளங்கிப்போச்சு, விடுங்க."

பெயர் அறியப்படாத வீரன்

மாசிச் சிவராத்திரி வந்தது. கெங்குவார்பட்டிக்காரர்கள் பொங்கல் பானை, மாலை, மஞ்சள், மணியோடு வந்தார்கள். பங்காளிகளுக்கெல்லாம் மூத்தவர் சுருளிச்சாமி. மீசையும் கோபமும் சம அளவில் உள்ளவர். கல்லைக் கழுவ ஒருவர் குனிந்ததுமே சென்சார் விழித்துக்கொண்டது. மழைச் செய்திக் குரல் சொன்னது: "இவர் பெயர் அறியப்படாத ஒரு வீரன்." மணி அடித்தவர் நிறுத்திவிட்டார். மஞ்சள் பூசக் கை நீட்டினார்கள். "தயவுசெய்து காட்சிப்பொருளைத் தொடாதீர்கள்" என்றது பெட்டி. ஆள் நகர நகர அது மறுபடியும் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. நான் ஓடிப் போய் ஒயரைப் பிடுங்குவதற்குள் வீரன் பலமுறை பெயரில்லாதவன் ஆகிவிட்டான்.

பத்திரிகையில் இருந்தபோது 'அடையாளம் தெரியாத ஆண் பிணம்' என்று நான் நிறைய எழுதியிருக்கிறேன். அந்தச் செய்தியைப் பிணத்தின் சொந்தக்காரர்கள் படித்தால் எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். பெண்கள் பொங்கல் பானையை இறக்காமலே நின்றார்கள். கல்வெட்டு எதுவும் இல்லாததால்தான் அப்படி எழுத வேண்டியிருந்தது என்று திலீபன் விளக்கத் தொடங்கினார். விளக்காமல் இருந்திருக்கலாம். சுருளிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"பேரு தெரியலேன்னா எங்களக் கேட்டிருக்கலாம்ல. அடுத்த மாசிக்கு வண்டியோட வாரோம், எங்க பாட்டன எங்க ஊருக்கே கூட்டிட்டுப் போயிக்கிறோம்."

ஆதாரம்

செய்தி முதலாளி காதுக்குப் போனது. வருத்தமாகத்தான் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்ததும் மண்டபத்துக்கு எத்தனை கார் நிறுத்தலாம் என்று முன்வாசலைக் கண்ணால் அளந்தார். மல்லிகா அன்று மாலையே ஜவுளிக்கடை ஒன்றில் வேலை கேட்டுவிட்டு வந்தாள். நானும் திலீபனும் கெங்குவார்பட்டிக்குப் பஸ் ஏறினோம்.

சுருளிச்சாமி தோப்பில் தேங்காய் உரிக்கிற இடத்தில் இருந்தார். உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. கல்லின் கதையை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள், அதையே பெட்டியில் வைக்கிறோம் என்றேன். கையிலிருந்த தேங்காயை உரித்துக் குவியலில் போட்டார். பிறகு சொன்னார். பாட்டன் பெயர் முத்துக்கருப்பன். காவலுக்குப் போன இடத்தில் கிழங்குக் கொல்லையில் பன்றி புகுந்திருக்கிறது. பன்றியைக் குத்திவிட்டான், பன்றியும் அவனைக் கிழித்துவிட்டது. நாய் ஊருக்கு வந்து ஆட்களைக் கூட்டிப்போனதாம். அதற்குப் பிறகு அது எவர் கையிலும் சோறு வாங்கவில்லையாம். பதிவுக்கருவி ஓடிக்கொண்டிருந்தது. உரிக்கிற ஆட்களும் வேலையை நிறுத்திக் கேட்டார்கள்.

இத்தோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் திலீபன் படித்தவர். பெயருக்கு ஆதாரம் இல்லாததால் 'முத்துக்கருப்பன் என்று நம்பப்படுகிறது' என்று ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். தோப்பில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். சுருளிச்சாமிக்குக் கோபம் வரவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார்:

"தம்பி, ஒங்க அய்யா பேர நீங்க எந்தக் கல்வெட்டுல பாத்துத் தெரிஞ்சுக்கிட்டீக?"

கயிறும் வைக்கோலும்

பழைய குரலை எடுத்துவிட்டுச் சுருளிச்சாமியின் குரலைப் பெட்டியில் வைத்தோம். நாய் வரும் இடத்தில் விட்ட மௌனத்தை இதிலும் வைத்தோம். தொடாதீர்கள் என்ற வரியைத் தூக்கிவிட்டோம். கேட்டவர்கள் முன்னைவிடக் கொஞ்சம் நின்று கேட்டார்கள் என்பது உண்மை. ஆனால் கெங்குவார்பட்டியிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. வந்து கேளுங்கள் என்று சொல்லியனுப்பியதற்கும் பதில் இல்லை. அங்கே வரப்போரம் புதிதாக மேடை கட்டுகிறார்கள் என்று பஸ் கண்டக்டர் ஒருவர் சொன்னார். கல்லுக்கு மேடை தயாராகிறது என்று புரிந்தது. மல்லிகா ஜவுளிக்கடைக்கு இன்னொரு முறை போய் வந்தாள்.

மாசி வந்தது. மினி லாரி வந்தது. அதில் கயிறு, கடப்பாரை, வைக்கோல், மேளம், பெண்கள், பிள்ளைகள். முதலாளி கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் அருங்காட்சியகத்துக்கு அன்றைக்குத்தான் வந்தது. அவரும் வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். கூடவே அளவு நாடாவோடு ஒரு இன்ஜினியர். கல்லுக்கு மஞ்சள் பூசி மாலை போட்டார்கள். பெட்டி பேசியது. முத்துக்கருப்பன் என்று பெயர் வந்ததும் பெண்கள் குலவை போட்டார்கள். நாய் வரும் இடத்தில் பெட்டி மௌனமானது. அத்தனை கூட்டமும் மூச்சுவிடாமல் நின்றது. திலீபன் என் கையைப் பிடித்துக்கொண்டார். மௌனம் ஒரு கலை என்று அவர் சொன்னதை முதன்முறையாக நானும் நம்பினேன்.

கும்பிட்டு முடித்ததும் சுருளிச்சாமி தன் ஆட்களைப் பார்த்து, "ஏலே, கழட்டுங்க" என்றார். இன்ஜினியர் நாடாவை நீட்டினார். மல்லிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் கடப்பாரையோடு வந்தவர்கள் கல்லிடம் போகவில்லை. கல்லுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த பேசும் பெட்டியைக் கழற்றி, வைக்கோலில் பொதிந்து, கயிறு போட்டுக் கட்டினார்கள். சென்சாரையும் மறக்கவில்லை. முதலாளி பதறிப் போய், கல்லை எடுத்துக்கொள்ளுங்கள், வண்டிக்கு நானே ஏற்பாடு செய்கிறேன் என்று முன்னால் வந்தார். சுருளிச்சாமி அவர் கையை அன்போடு பிடித்துக்கொண்டார்.

"கல்லு இங்கனயே இருக்கட்டும் முதலாளி, ஒங்க அய்யா ஆசப்பட்டுக் கேட்டது. அங்கன புதுசா செல வச்சாச்சு, மீசையெல்லாம் அம்சமா அமைஞ்சிருக்கு. அதுக்குப் பேசத்தேன் வாயில்ல."

ஆலோசகர் சொன்னது பொய்யாகவில்லை: இயந்திரம் கூட்டத்தை இங்கே கூட்டி வந்தது, கூட்டம் இயந்திரத்தை அங்கே கூட்டிப் போனது, கல்லும் நாங்களும் கோம்பை நாயைப் போல வாயைத் திறக்காமல் வேலையைக் காப்பாற்றிக்கொண்டோம்.